நீதிபதியின் வாய்

தெருவில் அவளுக்கு ஒத்தைக்கண் அக்கா என்று பெயர். கண் இரண்டுக்கும் ஒரு குறையும் கிடையாது. ஊசியில் நூல் கோக்க அக்கம்பக்கத்தார் இன்றைக்கும் அவளிடம்தான் ஓடி வருகிறார்கள். ஆனால் யாரைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையில் இருக்கிற தூரிகையையோ கரண்டியையோ நீட்டிப் பிடித்து, எதிரே நிற்பவரின் மூக்கை அளந்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். பால்காரரிலிருந்து போலீஸ்காரர் வரை ஒருத்தரும் தப்பியதில்லை. "என்னக்கா, நேத்தைக்கு இன்னிக்கு வளந்துட்டேனா?" என்று பால்காரர் தினமும் கேட்பார். அவளும் தினமும், "நீங்க வளரலை, தொப்பை வளந்திருக்கு" என்பாள்.

இது சும்மா வந்த பழக்கமா என்ன? ஓவியப் பள்ளியில் வருடக்கணக்காக முதுகை ஒடித்து வர வைத்த பழக்கம். சேர்ந்த புதிதில் மனித முகத்தைக் கண்ணிலேயே காட்டவில்லை. பிளாஸ்டரில் வார்த்த வெள்ளை மூக்கு ஒன்றைத் தூக்கி முன்னால் வைத்தார்கள். கரித்துண்டால் வரை, ரொட்டித் துணுக்கால் அழி, மறுபடி வரை. லீவுக்கு வீட்டுக்குப் போனால் அம்மா ஆசையாகக் கேட்பாள், "என்னடி படிச்ச?" "மூக்கும்மா." அடுத்த லீவில், "இப்ப என்ன?" "காது." அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "முழு ஆளு வர்றதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன் போலிருக்கே!"

முழு ஆளும் வந்தார். எப்படி வரைய வேண்டும் என்று அங்கே ஒரு முறை வைத்திருந்தார்கள். உட்காருகிறவருக்குப் பக்கத்திலேயே படத்தை நிறுத்த வேண்டும். ஓவியர் பின்னால் போய்த் தரையில் சாக்பீஸால் போட்ட குறியில் நிற்க வேண்டும். அங்கிருந்துதான் ஆளையும் படத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். பார்த்ததை மனசில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து ஒரே ஒரு தீற்று வைக்கலாம். மறுபடி பின்னால் போ. மறுபடி பார். ஒரு முகம் முடிவதற்குள் ஒரு ஜோடி செருப்பு தேய்ந்துவிடும். இதோடு வேதவாக்கு மாதிரி இரண்டு கட்டளைகள். ஒன்று, உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆளைத்தான் வரைய வேண்டும், போட்டோவைப் பார்த்து அல்ல. இரண்டு, பல்லை வரையாதே. சிரிப்பை யாராலும் பிடித்துவைக்க முடியாது, பிடித்துவைத்த சிரிப்பு இளிப்பாகிவிடும், நீ வரைகிற பல் பியானோக் கட்டை போல வரும் என்று.

இந்த இரண்டையும் மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு அக்கா வெளியே வந்தாள். ஊரிலோ முக்குக்கு முக்கு ஸ்டுடியோ. வருகிறவர்களெல்லாம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை நீட்டி, "இதைப் பாத்து பெருசா வரைஞ்சு குடும்மா" என்பார்கள்.

"ஆளைக் கூட்டிட்டு வாங்க."

"ஆளு செத்துப் போயிட்டாரும்மா."

"அப்ப எங்கிட்ட வேலை இல்லை. உயிரோட இருக்கும்போதே கூட்டிட்டு வந்திருக்கணும்."

இப்படிப் பேசினால் யார் வருவார்கள்? திமிர் பிடித்தவள் என்று பேரெடுத்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மாம்பழமும் மலையும் வரையச் சொல்லிக்கொடுத்து வயிற்றைக் கழுவினாள். மாடி அறையில், வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே, உட்காருகிறவருக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தாள். வருடக்கணக்கில் அதில் உட்கார்ந்தவர்கள் அவளுடைய அம்மா, தங்கை, ஒரு தடவை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர். அவ்வளவுதான்.

கல்யாணம் நடந்ததும் அந்தக் கண்ணால்தான். பல்வலி என்று ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தாள். உள்ளறையில் செயற்கைப் பல் செய்கிறவர் ஏதோ கேட்க வெளியே வந்தார். அகலமான நெற்றி, அழகான மூக்கு. வலியை மறந்து அக்கா ஒரு கண்ணை மூடினாள். அவருக்கு முகம் குப்பென்று சிவந்து, கையிலிருந்த பல்செட் கீழே விழுந்தது. மறுநாளே தன் கூடப்பிறந்த அக்காவைக் கூட்டிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நீங்க என்னைப் பாத்துக் கண்ணடிச்சீங்க."

"ஐயய்யோ! உங்க மூக்கை அளந்தேங்க."

அவர் தன் மூக்கைத் தடவிப் பார்த்தார். "அளந்து முடிச்சாச்சா?"

"இன்னும் இல்லை" என்றாள் அக்கா. அவ்வளவுதான், கதை முடிந்தது. தெருவுக்கு அவர் பல்லுக்காரர் ஆனார். கோபமே வராத மனுஷன். அவர் மட்டும்தான் அவளைப் போட்டோ பார்த்து வரையச் சொன்னதே இல்லை.

இப்படியே நாற்பதைத் தாண்டிய பிறகுதான் அந்த வாய்ப்பு வந்தது. ஊர் நீதிமன்றத்தின் பெரிய மண்டபத்தில், ஓய்வு பெறுகிற தலைமை நீதிபதிகளின் படங்களை வரிசையாக மாட்டிவைத்திருப்பார்கள். எல்லாம் எண்ணெய் வண்ணம். எல்லாரும் உர்ரென்று இருப்பார்கள். அதுவரை வரைந்து வந்த ஓவியர் வயதாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். வழக்கறிஞர் சங்கத்துச் செயலாளருக்கு ஒரே குஷி. "எதுக்கு இந்தத் தொல்லை? நல்ல போட்டோவாப் பாத்து, துணியில பெருசா அச்சடிச்சு மாட்டிடலாம். யாருக்கு வித்தியாசம் தெரியப் போகுது?" என்றார். அப்போது ஓய்வு பெற இருந்த நீதிபதிதான், "முன்னாடி இருந்தவங்களுக்கு எப்படியோ அப்படியே எனக்கும்" என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டார். யாரோ அக்கா பெயரைச் சொன்னார்கள். செயலாளர் மாடியேறி வந்து, நாற்காலியைப் பார்த்தார், சாக்பீஸ் குறியைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"இங்க பாருங்கம்மா. படம் திறக்கிற அன்னிக்கு சங்கத்துக்குப் பிடிச்சிருந்தா மாட்டுவோம். பிடிக்கலைன்னா போட்டோதான். அதையும் ஃபிரேம் போட்டு ரெடியா வச்சிருப்பேன். அப்புறம் இந்த வரையற பேச்சே இங்க எடுக்கக் கூடாது."

அதன் அர்த்தம் அக்காவுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருடப் பிடிவாதமும் இந்த ஒரு படத்தில் நிற்கிறது. இது தேறாவிட்டால், சாகும்வரை மாம்பழமும் மலையும்தான்.

நீதிபதி வந்தார், கருப்பு அங்கியோடு. கூடவே அவர் மனைவி வந்து, மூலையில் உட்கார்ந்து பத்திரிகையில் குறுக்கெழுத்துக் கட்டம் நிரப்ப ஆரம்பித்தார். நீதிபதியின் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரே பயந்த வாய் அது. உள்ளே மடிந்து, கயிறு இழுத்துக் கட்டிய சுருக்குப்பை மாதிரி இறுக மூடியிருக்கும். நாற்பது வருடமாக நீதிமன்றத்தில் அவர் சிரித்து ஒருத்தரும் பார்த்ததில்லை. பேசும்போதுகூட உதடு பிரிவது தெரியாது. புது வக்கீல்களுக்கு அந்த வாயைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அக்காவுக்கோ அதைப் பார்த்ததும் உச்சி குளிர்ந்துவிட்டது. முன்னால் நட, பின்னால் நட. நெற்றி வந்தது, கண் வந்தது. பிறகு அந்த வாய். மேலுதட்டு நிழல், ஓரங்களில் இறங்கும் இரண்டு கோடு, தாடையின் அழுத்தம். வாழ்நாளில் அப்படியொரு வாயை அவள் வரைந்ததில்லை. அவளுக்கே தெரிந்தது. செயலாளர் நோட்டம் விட வந்தவர், படத்தைப் பார்த்ததும் கையில் இருந்த குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "யம்மாடி! இதைப் பாத்தாலே எனக்கு வாய்தா கேக்கணும்போல இருக்கு" என்றார். அன்றைக்கு அக்கா தரையில் நடக்கவில்லை.

அதன்பின் நீதிபதி கொஞ்ச நாள் வரவில்லை. ஏதோ சின்ன வேலை என்று சொல்லியனுப்பினார். கையும் அங்கியும்தான் பாக்கி என்பதால் அக்கா கவலைப்படவில்லை. அந்த நாட்களில் பல்லுக்காரர் வீட்டில் ஒரே பெருமை அடித்துக்கொண்டிருந்தார்.

"யாரோ பெரிய மனுஷனாம். டாக்டர் பேரே சொல்ல மாட்டேங்குறாரு. எனக்கு வர்றது வெறும் பிளாஸ்டர் அச்சுதானே, மூஞ்சியா வருது? மேல் வரிசை, கீழ் வரிசை, முழு செட்டு. நான் பொறந்ததுக்கு இப்படி ஒரு வேலை செஞ்சதில்லை. போட்டா ஆளு பத்து வயசு குறைஞ்சு தெரிவாரு, பாத்துக்கோ."

"நல்லா இருக்கட்டும்ங்க, யாரோ புண்ணியவான்" என்றாள் அக்கா. விதி எப்படியெல்லாம் வாயைக் கொடுத்து மாட்ட வைக்கிறது, பாருங்கள்.

படம் திறக்கிற விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நீதிபதி மாடியேறி வந்தார். அக்கா குறியில் நின்று, ஒரு கண்ணை மூடினாள். திறந்தாள். இரண்டு கண்ணாலும் பார்த்தாள். கன்னம் உப்பியிருந்தது. மூக்குக்கும் தாடைக்கும் நடுவே விரலளவு கூடியிருந்தது. இரண்டு கோட்டையும் காணோம்.

"ஐயா... உங்க வாய்?"

நீதிபதி பளீரென்று சிரித்தார். முத்து முத்தாக, மேலும் கீழும். அந்த நேரம் பார்த்து டீத் தட்டோடு உள்ளே வந்த பல்லுக்காரர், நீதிபதியின் வாயைப் பார்த்தார், தட்டைத் தொப்பென்று மேசையில் வைத்தார், துள்ளிக் குதித்தார்.

"ஏம்மா! இது நம்ம செட்டு! நான் சொன்னேன்ல, அதே செட்டு!"

அக்கா பார்த்த பார்வையில் மனிதர் அப்படியே உறைந்துபோனார்.

"ஐயா," என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வரையற நேரத்துக்கு மட்டும் அதைக் கழட்டி வச்சுடறீங்களா?"

"முடியாது."

"படம் முடிஞ்ச மாதிரிதாங்கய்யா. அந்த வாய் அவ்வளவு நல்லா வந்திருக்கு."

நீதிபதி எழுந்து வந்து படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "நல்லாத்தாம்மா வந்திருக்கு. பயமா இருக்கு. ஆனா அது என் வாய் இல்லை."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. சின்ன வயதிலேயே அவருக்குப் பல் கெட்டுப்போய்விட்டது. கறுத்து, ஓட்டை விழுந்து, முன்பல் பாதி உடைந்து. வக்கீலாக இருந்தபோது ஒருமுறை சிரித்தார். எதிர்த்தரப்பு வக்கீல் அதை நடித்துக் காட்டி, முழு நீதிமன்றமும் சிரித்தது. அன்றைக்கு மூடிய வாய். பல் டாக்டர் என்றாலே கைகால் நடுக்கம், வலிக்குப் பயந்தே போகவில்லை. ஒவ்வொன்றாக விழ விழ, வாய் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஊர் அதைக் கண்டிப்பு என்றது.

"சிரிப்பு வந்துடக் கூடாதேன்னு தொடையைக் கிள்ளிக்கிட்டு உக்காந்திருப்பேன்மா. ரிட்டயர் ஆகற வயசுலதான் தைரியம் வந்துச்சு. நான் செத்த பிறகும் அந்த மண்டபத்துல வாயைப் பொத்திக்கிட்டே நிக்கணுமா, சொல்லு?"

மூலையில் அவர் மனைவி கட்டம் நிரப்புவதை நிறுத்தியிருந்தார்.

அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. கண்ணை மூடி மூடி அளந்து, கடைசியில் அவள் பிடித்தது அந்த மனிதன் போட்டிருந்த திரையை. அதைத்தான் எல்லாரும் ஆஹா என்றார்கள். இதற்கு அந்தப் போட்டோவே போதுமே, அதிலும் இதே மூடின வாய்தானே! அவள் கத்தியை எடுத்தாள். காய்ந்துபோன வண்ணத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"ஏய், ஏய், ஒரு போட்டோவாவது எடுத்து வச்சுக்கோ!" என்று பல்லுக்காரர் பதறினார்.

"எதுக்கு? அதான் அவங்க ரெடியா ஒண்ணு வச்சிருக்காங்களே" என்றாள் அக்கா. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கை நிற்கவில்லை.

சுரண்டியாயிற்று. இனி? சிரிக்கிற ஆளை எப்படி வரைவது? சிரி என்றால் நீதிபதி சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அது இளிப்பாகிவிட்டது. ஓவியப் பள்ளி சொன்னது சரிதான். அக்கா கணவரைப் பிடித்து நீதிபதிக்கு எதிரே உட்கார வைத்தாள். "நீங்கதானே பல்லைக் குடுத்தீங்க. சிரிக்கவும் நீங்களே வைங்க."

பாவம், பல்லுக்காரர் தன் கிளினிக் கதைகளை அவிழ்த்துவிட்டார். அண்ணன் தம்பி இரண்டு பேர் செட் மாறிப் போட்டுக்கொண்டு, "டாக்டர், நான் பேசினா இவன் குரல் வருது" என்று சண்டைக்கு வந்த கதை. நீதிபதி சிரித்தார். அந்த ஒரு நொடியில் அக்கா குறியிலிருந்து பார்த்து, ஓடி வந்து ஒரு தீற்று வைத்தாள். இன்னொரு கதை, இன்னொரு தீற்று. நாலாவது நாள் பல்லுக்காரரின் சரக்கு தீர்ந்துபோனது. சொன்னதையே திருப்பிச் சொன்னார். அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

நீதிபதி தொண்டையைக் கனைத்தார். "ஒரு தடவை ஒரு சாட்சி வந்தான். 'உன் கண்ணால பாத்தியா'ன்னு வக்கீல் கேக்கறாரு. அவன் சொல்றான், 'அண்ணன் கண்ணாடியை வாங்கிப் போட்டிருந்தேங்க, அதனால பாதி அவன் பாத்தது.' எனக்கு அன்னிக்கு..." மேலே சொல்ல முடியவில்லை அவருக்கு. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்பது வருடமாக விழுங்கி வைத்த சிரிப்பு, ஒன்றன்பின் ஒன்றாக வர ஆரம்பித்தது. ஆட்டைத் திருடிவிட்டு ஆட்டையே சாட்சிக்குக் கூட்டி வந்தவன், தீர்ப்பு வாசிக்கும்போது குறட்டை விட்ட வக்கீல். மூலையிலிருந்து அவர் மனைவி, "அந்தக் குறட்டைக்காரரை விட்டுட்டீங்களே, அவர் முழிச்சதும் என்ன சொன்னாருன்னு சொல்லுங்க" என்று எடுத்துக் கொடுத்தார்.

அக்கா ஓடினாள். குறிக்கும் படத்துக்கும் நடுவே கால் வலிக்க ஓடினாள். அப்போதுதான் புரிந்தது: சிரிப்பு பல்லில் இல்லை. கன்னம் மேலே ஏறிக் கீழிமையைத் தள்ளுகிறதே, அங்கே இருக்கிறது. பல்லை ஒவ்வொன்றாக எண்ணி வரைந்தால்தான் பியானோக் கட்டை; ஒரே ஒரு மங்கல் வெளிச்சமாக வைத்தால் வாய் தானாகச் சிரிக்கிறது. பள்ளியில் படித்த மூக்கும் காதும் கண்ணும் ஒன்றுகூட வீண்போகவில்லை, எல்லாம் கூப்பிட்ட குரலுக்கு வந்து நின்றன. இடையில் செயலாளர் வந்து எட்டிப் பார்க்கப் பார்த்தார். பல்லுக்காரர் மாடிப்படியிலேயே மறித்து, "ஈரமா இருக்கு, தொட்டா ஒட்டிக்கும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

விழா நாள் வந்தது. மண்டபம் நிறைய வக்கீல்கள். சுவரில் பழைய நீதிபதிகள் எல்லாரும் உர்ரென்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு காலி ஆணி. கீழே தாங்கியில் திரை போட்ட படம். சங்கத் தலைவர் திரையை இழுத்தார்.

கைதட்டத் தூக்கிய கைகள் பாதியில் நின்றன. பல்லுக்காரர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேலை நல்லாத்தான் இருக்கு," என்றார் தலைவர், தயங்கித் தயங்கி. "ஆனா... இது நம்ம ஐயா இல்லையே."

செயலாளர் காத்திருந்தது இதற்குத்தானே! தூணுக்குப் பின்னாலிருந்து போட்டோவை எடுத்துவந்து படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இறுகிய வாய். மண்டபமே பெருமூச்சு விட்டது. "ஆமா, இதான் ஐயா" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். நாலு பேர் தலையாட்டினார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் அக்கா. எதிரே நீதிபதி தலையைக் குனிந்துகொண்டிருந்தார். கை தானாக வாயைப் பொத்தியிருந்தது. அதைப் பார்த்தபோது அவளுக்குத் தன் படம் தோற்றதைவிட அதுதான் தாங்கவில்லை.

அப்போது நீதிபதியின் மனைவி எழுந்தார். யாரையும் கேட்கவில்லை. நடந்துபோய் இரண்டுக்கும் நடுவே நின்றார். போட்டோவைக் கை காட்டினார்.

"இவர் காலையில கோர்ட்டுக்குப் புறப்பட்டுப் போறவரு. உங்களுக்குத்தான் இவரைத் தெரியும், எனக்கு அவ்வளவாத் தெரியாது." பிறகு படத்தின் பக்கம் திரும்பினார். "சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திட்டு, நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு பாருங்க, அவரு இவரு. பல்லு மட்டும்தான் புதுசு. இந்தச் சிரிப்போடதான் நான் நாப்பது வருஷமாக் குடும்பம் நடத்தறேன்."

நீதிபதி நிமிர்ந்தார். கை வாயிலிருந்து இறங்கியது. அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன, வாய் நிறையச் சிரித்தார். ஊர் முதல்முறையாக அதைப் பார்த்தது. பார்த்த கண்ணோடு படத்தைப் பார்த்தது. அதே கன்னம், அதே இமை, அதே வாய். பின்வரிசையில்தான் முதலில் கை தட்டினார்கள். அப்புறம் கூரை இடிந்து விழுகிற மாதிரி மண்டபம் முழுக்க. தலைவர் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். செயலாளர் போட்டோவைத் தானே தூக்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனார். அக்கா முந்தானையைக்கூடத் தேடாமல், ஊர் பார்க்க ஓவென்று அழுதாள். சந்தோஷத்தில் அப்படி அழுவதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

அதற்கப்புறம் அந்த வரிசையில் வந்த படம் அத்தனையும் அவள் வரைந்ததுதான். மருத்துவமனைக்கு, கல்லூரிக்கு, துறைமுக அலுவலகத்துக்கு என்று மாடி நாற்காலி காலியாக இருந்த நாள் இல்லை. மாம்பழமும் மலையும் வேறு யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு மண்டபத்தில் கடைசியாக நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்தக் கதையைச் சொல்லியே பிரயோஜனமில்லை.

கூட்டம் கலைந்தது. படத்தை மாட்ட ஏணி வந்தது. நீதிபதியின் மனைவி தலைவரிடம் போய், ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்கிறவர் போலக் கேட்டார்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இதை வீட்டுக்குக் கொண்டு போகட்டுமா? இத்தனை வருஷம் எனக்கு மட்டும்தானே இருந்துச்சு. நாளைக்கு உங்க எல்லாருக்கும் குடுத்துடறேன்."

தலைவர் ஏணியை நகர்த்தச் சொன்னார். பல்லுக்காரரும் செயலாளரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படத்தைக் காரில் ஏற்றினார்கள். அன்று முழுவதும் மண்டபத்தில் அந்த ஆணி வெறுமனே இருந்தது. போட்டோவை மாட்டலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.